வெந்நீர் ஊற்று என்று ஏன் சொல்கிறீர்கள்?

கிரீஸின் சாண்டோரினித் தீவில் படகுப் பயணம் விற்பவர்கள் இதைப் பணம் வாங்கும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன? பாலேயா கமேனி தீவின் ‘வெந்நீர் ஊற்று’ வெந்நீரே இல்லை. 30 முதல் 35 டிகிரி வரைதான், வெறும் வெதுவெதுப்பு. அதுவும் படகு ஊற்று வரை போகாது, சின்ன விரிகுடாவின் வாயிலேயே நின்றுவிடும். ஏணியில் இறங்கி, கால் எட்டாத குளிர்ந்த கடலில் நீந்தித்தான் போக வேண்டும். திரும்பி வரவும் அதே நீச்சல். அரைகுறையாக நீந்துபவர்கள் ஏணிக் கம்பியை விடாமல் நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மிதவையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கறை. ஊற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிவிடும். தண்ணீர் செம்பழுப்பாக இருப்பது அதனால்தான். வெளிர் நிற நீச்சலுடையின் தையலோரத்தில் அந்தத் துருக்கறை ஏறினால் எந்தச் சோப்புக்கும் அசையாது. கறுப்பு உடைதான் சரி. அந்த நீரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும், கொலுசையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும்.

அதே பயணத்தில் போகும் பக்கத்துத் தீவான நேயா கமேனியில் இன்னொரு கொடுமை. 1950இல் கடைசியாக வெடித்த எரிமலை அது. பாதை முழுக்க உருளும் கருஞ்சரளை, மருந்துக்கும் நிழல் கிடையாது. எரிமலை வாயின் விளிம்புக்கு ஏற 20, 30 நிமிடமாகும். ரப்பர் செருப்போடு வந்தவர்களையும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். தீவுக்கு நுழைவுக் கட்டணம் தனி என்பதும் பல நேரம் கரையில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது.