யாரை ஊருக்குப் பிடிக்கிறது?

தொண்டு செய்தால் ஊரே நம்மை நேசிக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களுடன் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அரிசி மூட்டையைக் கொடுத்த கையோடு, வாங்கியவரின் முகமும் தெரியும்படி படம் எடுத்துப் போடுகிறவர்களும் தொண்டர்கள்தாம். ஆனால் அந்த மூட்டை உண்மையிலேயே தேவைப்பட்ட குடும்பம் அடுத்த முறை அவர்களைக் கண்டால் மின்தூக்கிக்குக்கூட வராமல் படியில் இறங்கிப் போய்விடுகிறது. வாங்குகிறவரைக் கூச வைக்காமல் உதவுகிறவரைத்தான் மக்களுக்குப் பிடிக்கிறது.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். எந்தச் சங்கத்திலும் அவருக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் யார் வீட்டில் துக்கம் என்றாலும், புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தைச் சடங்குக்குப் பயன்படுத்த நகர மன்றத்தில் அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரிப்பதும், மண்டாய் தகனச்சாலையில் கிடைத்த நேரத்தை உறவினர்களுக்குச் சொல்வதும், தமிழ் முரசு நாளிதழுக்குத் தரும் இரங்கல் அறிவிப்பில் பேரப்பிள்ளை ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்ப்பதும் அவர்தான். தேநீருக்குப் பால் தீர்ந்துவிட்டால் அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய்க் கேட்காமல் தாமே வாங்கி வந்துவிடுவார். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டு, சொல்லிக்கொள்ளாமலேயே வீட்டுக்குப் போய்விடுவார். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டுகளை எண்ணி முடியாது. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்களிடமிருந்தும் வரும்.

பொதுவாழ்விலும் இப்படித்தான். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியை இங்குள்ள தமிழர்கள் ‘தமிழவேள்’ என்று இன்றும் சொல்வது அவர் பத்திரிகை நடத்தினார் என்பதற்காக மட்டும் அன்று. 1950களில், சொந்த ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பிலேயே இருந்த எளிய தொழிலாளர்களிடம் சிங்கப்பூர்க் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று விடாமல் வலியுறுத்தியதற்காகவும்தான். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதன், பணி வாழ்வின் தொடக்கத்தில் மருத்துவ சமூக ஊழியராகவும் கடலோடிகளின் நல அதிகாரியாகவும் இருந்தவர். மற்றவர் குறையை உட்கார்ந்து கேட்பதே அந்த வேலை.

பள்ளிப் பிள்ளைகள் பள்ளியில் காட்டும் தொண்டூழிய மணிநேரக் கணக்குக்காகத் தொண்டூழியம் செய்கிறார்கள் என்று சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. கணக்குக்காகத் தொடங்கியது பழக்கமாவதும் உண்டு.

என்னுடைய வருத்தம் வேறு. ஒருவரைப் பிடித்துப்போய்விட்டால் எல்லா வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். அண்மையில் ஒரு துக்க வீட்டில் எங்கள் ஓட்டுநர் முழங்கால் வலியோடு மேசையைத் தூக்கியபோது, “அங்கிள் பார்த்துக்கொள்வார்” என்று இளைஞர்கள் கைப்பேசியை விட்டு நிமிரவே இல்லை. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அனுமதி வாங்குவதிலிருந்து மண்டாய்க்குப் பேருந்து ஏற்பாடு செய்வது வரை அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று பேர் முன்வந்தால் என்னிடம் சொல்லுங்கள். வசிப்போர் குழுவிடம் நானே பேசுகிறேன்.