கம்பைலர் பெயரைக் கெர்னல் மேக்ஃபைலுக்குள் எழுதாதீர்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை இன்டெல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆர்ம்64 போர்டுக்காக பில்ட் செய்பவர்கள் பலர், தினமும் ஆர்ச் (எந்த வகை சிப்), கிராஸ்_கம்பைல் (எந்த கம்பைலர்) என்ற இரண்டு வேரியபிளை டைப் செய்ய அலுத்துப்போய் மேல்மட்ட மேக்ஃபைலிலேயே (பில்ட் விதிகள் உள்ள ஃபைல்) கிராஸ்_கம்பைல் வரி ஒன்றைச் சேர்த்துத் தங்கள் டூல்செயின் (கம்பைலர் முதலான கருவிகள்) பாதையை எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிட் ரெப்போவில் அந்த ஒரு வரி மாறியிருந்தாலே போதும். கிட் நிலையைப் பெயரில் சேர்க்கும் லோக்கல்வெர்ஷன்_ஆட்டோ ஆப்ஷன் ஆன் ஆகியிருந்தால் வெர்ஷன் பெயரின் வாலில் ‘-டர்ட்டி’ ஒட்டிக்கொள்ளும். போர்டில் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற, தனியாக ஏற்றப்படும் கெர்னல் துண்டுகள்) பழைய பெயர் ஃபோல்டரில் கிடக்கும். புதிய கெர்னலோ டர்ட்டி ஃபோல்டரைத் தேடும். வைஃபை வராது. குற்றமே செய்யாத டிரைவரை நாம் நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருப்போம்.

முன்பு இந்தக் கம்பைலர் பெயரை, கெர்னல் தேர்வுகள் பதிவாகும் டாட்-கான்ஃபிக் ஃபைலிலேயே வைக்க வழி இருந்தது. 2018இல், 4.18 வெர்ஷனில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். அந்த வெர்ஷனிலிருந்து, அந்தத் தேர்வுகளைக் கையாளும் கேகான்ஃபிக்கே கம்பைலரைக் கூப்பிட்டு ‘இந்த ஆப்ஷன் உனக்குத் தெரியுமா’ என்று கேட்கிறது. கான்ஃபிக்கைப் படிக்கும் முன்பே கம்பைலர் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் தேர்வுகளை மாற்றும் மெனுவான மெனுகான்ஃபிக்கிற்கும் இரண்டு வேரியபிளும் கட்டாயம். ஆர்ச் கொடுக்க மறந்து சேவ் செய்தால் ஆர்ம்64 கான்ஃபிக் எக்ஸ்86 ஆக மாறிவிடும். டாட்-கான்ஃபிக்கின் மூன்றாவது வரியைப் பாருங்கள்: ‘லினக்ஸ்/ஆர்ம்64’ என்று இருக்க வேண்டும். சற்றுக் கீழே சிசி_வெர்ஷன்_டெக்ஸ்ட் வரியில் எந்த ஜிசிசி (கம்பைலர்) என்பதும் பதிவாகியிருக்கும்.

சோர்ஸுக்கு வெளியே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும். அதில் மேக் கட்டளையோடு ஆர்ச்=ஆர்ம்64, கிராஸ்_கம்பைல்=ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு-, தனி பில்ட் ஃபோல்டருக்கு ஓ= ஆப்ஷன், கடைசியில் நீங்கள் தரும் டார்கெட். கம்பைலர் பெயரின் இறுதிக் கோடு முக்கியம். விட்டால் ‘க்னுஜிசிசி’ என்று ஒட்டிப்போன பெயரைத் தேடி நிற்கும். கிராஸ்_கம்பைல் மொத்தமாக விடுபட்டால் ஹோஸ்ட் ஜிசிசி (உங்கள் கம்ப்யூட்டருக்கான கம்பைலர்) ஓடி, ‘-எம்லிட்டில்-எண்டியன்’ ஆப்ஷன் தெரியாது என்று எரர் தரும்.

வேரியபிள்களை ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்து வைப்பதை நம்பாதீர்கள். சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு, மாட்யூல்களை நிறுவும் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் கொடுக்கும்போது அந்த வேரியபிள்கள் வழக்கமாகக் கழன்றுவிடும். எங்கே நிறுவுவது என்று சொல்லும் இன்ஸ்டால்_மாட்_பாத்தும் சேர்ந்து போனால், போர்டுக்கான மாட்யூல்கள் உங்கள் லேப்டாப்பின் லிப்/மாட்யூல்ஸ் ஃபோல்டரில் போய் விழும்.

எம்68கே போன்ற சில ஆர்க்கிடெக்சர்களின் மேக்ஃபைலில் சிசி-கிராஸ்-பிரிஃபிக்ஸ் இருக்கிறது. கிராஸ்_கம்பைல் காலியாக இருந்தால் வரிசையாகச் சில பெயர்களைத் தேடி, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் அதே சோர்ஸ் இரண்டு மெஷினில் இரண்டு கம்பைலரால் பில்ட் ஆகலாம்; எதுவும் அகப்படாவிட்டால் சத்தமில்லாமல் ஹோஸ்ட் ஜிசிசிக்கே போய்விடும். டீமாக வேலை செய்யும் இடத்தில் பெயரை வெளிப்படையாகக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜிசிசிக்குப் பதில் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கெர்னல் 5.15 முதல் எல்எல்விஎம்=1 கொடுத்தால் ஆர்ச்சை வைத்தே டார்கெட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும்; கிராஸ்_கம்பைல் தேவையில்லை.

ஓ= ஆப்ஷனுக்கு மாறும்போது ‘சோர்ஸ் ட்ரீ சுத்தமாக இல்லை’ என்று பில்ட் நின்று, சோர்ஸைச் சுத்தம் செய்யும் எம்ஆர்பிராப்பரை ஓட்டச் சொல்லலாம். அது டாட்-கான்ஃபிக்கையும் அழித்துவிடும். முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.