வீடு மலிவுதான், மாசக் கடைசியில் மிச்சம் எவ்வளவு?

"அமெரிக்காவில் குறைந்த செலவில் வாழ ஏற்ற கவுன்ட்டிகள்" (கவுன்ட்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) என்று மறுபடியும் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அலபாமா, மிசிசிப்பி, மேற்கு வர்ஜீனியா என்று வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் வீட்டு விலை. ரிமோட் வேலை கிடைத்த நம்மவர்களும் இதை ஒருவருக்கொருவர் அனுப்பி, "பேசாம அங்க போயிடலாமா" என்று கேட்டுக்கொள்கிறார்கள். நகரத்துச் சம்பளத்தோடு போகிறவர் எப்படியோ சமாளித்துவிடுவார். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ச் சம்பளத்தில் வாழ்கிறவரைப் பார்த்தும் "உனக்கென்னப்பா, செலவே இல்லாத ஊர்" என்கிறார்களே, அதைக் கேட்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நகரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலர், வீடு 3.5 லட்சம். கிராமத்துக் கவுன்ட்டியில் வருமானம் 32,000, வீடு 1,12,000. இரண்டு இடத்திலும் வீட்டு விலை வருமானத்தைப் போல மூன்றரை மடங்கு. பட்டியல் போடுகிறவரின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வருமானத்தில் 30 சதவீதம் வீட்டுக்கு என்ற விதியை வைத்தால் நகரத்தில் 30,000 போய் 70,000 நிற்கும். கிராமத்தில் 9,600 போய் 22,400 நிற்கும். டயர், பேட்டரி, பல் வைத்தியம், செல்போன் பில் எதுவும் ஊர் பார்த்து மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை. கடையில் சதவீதத்தைக் கொடுத்தா சாமான் வாங்க முடியும்?

அந்த 22,400-லிருந்து முதலில் வண்டியைக் கழியுங்கள். பஸ் கிடையாது. வேலை 40 மைல் தள்ளி இருப்பது அங்கே சாதாரணம். போக வர 80 மைல், ஆண்டுக்கு 250 நாள், மொத்தம் 20,000 மைல். கேலனுக்கு 25 மைல் ஓடும் வண்டி என்றால் 800 கேலன். கேலன் 3 டாலர் என்றே வையுங்கள், 2,400 டாலர் பெட்ரோலுக்கு மட்டும். 5,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் ஆண்டுக்கு நான்கு முறை. 50,000 மைல் வர வேண்டிய டயர் செட், ஜல்லி ரோட்டில் அதுவரை தாங்காது. இன்சூரன்ஸ் தனி, தேய்மானம் தனி. தொழிலுக்காக ஓட்டும் வண்டிக்கு வருமான வரித்துறை 2025-இல் வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் மைலுக்கு அந்த வரிக் கழிவு கிடையாது, ஆனால் செலவு என்னவோ அதே செலவுதான். பழைய வண்டி, கடன் அடைந்துவிட்டது என்று சொல்லிப் பாதியாக 35 சென்ட் போட்டாலும் 7,000 டாலர். இரண்டு பேர் வேலைக்குப் போனால் இரண்டு வண்டி, 14,000. சம்பளத்திலேயே பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம், அதாவது 2,448. எல்லாம் போக ஆண்டுக்கு 6,000-க்கும் குறைவாகத்தான் நிற்கிறது. மாதம் 500 டாலர்கூட முழுதாக இல்லை. சாப்பாடு, மருந்து, குளிர்கால வெப்பம், பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அதற்குள். குழந்தைகள் இருந்தால் உழைப்பு வருமானத்துக்கான வரிக் கிரெடிட் வரும், உண்மைதான். ஆனால் அது பிப்ரவரி பாதிக்கு மேல் ஒரே தடவையில் வருகிற பணம். அக்டோபரில் கியர்பாக்ஸ் போனால் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த வாழ்க்கைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இந்தப் பட்டியல்களின் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று எவரும் கேட்பதில்லை. மத்திய அரசின் பொருளாதார ஆய்வுத் துறை வட்டார விலைக் குறியீடு ஒன்று வெளியிடுகிறது. அதில் பெருநகரப் பகுதிகளுக்குத் தனித்தனி எண் உண்டு. கிராமப்புறக் கவுன்ட்டிகளுக்கோ, மாநிலத்தின் நகரமல்லாத பகுதி முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு எண். சுற்றுலாவால் விலை ஏறிய கவுன்ட்டியும் சுரங்கம் மூடிச் செத்த கவுன்ட்டியும் அதற்குள் ஒன்றாகிவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி தரவரிசை போடுவது அநியாயம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அரசு உதவியோடு கட்டும் குறைந்த வாடகைக் குடியிருப்புகளுக்கு வாடகை உச்சவரம்பை அந்த வட்டார வருமானத்தை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். ஆனால் கவுன்ட்டியின் வருமானம் மாநிலத்தின் நகரமல்லாத பகுதிகளின் இடைநிலை வருமானத்துக்குக் கீழே இருந்தால், வீட்டுவசதித் துறை அந்த மாநில எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். நிறையப் பேர் தகுதி பெற வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கலாம். விளைவு என்ன? இருப்பதிலேயே ஏழைக் கவுன்ட்டியில், அந்த ஊரில் இல்லாத ஒருவருடைய வருமானத்தை வைத்து வாடகை கணக்காகிறது. அதற்குப் பெயர் "கட்டுப்படியாகும் வீடு".

வீட்டுக்கே வருவோம். விலையில் தெரியாத செலவெல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அலபாமாவில் லவுன்டெஸ் கவுன்ட்டி அதற்குச் சாட்சி. அங்கே இருப்பது நனைந்தால் வீங்கி, காய்ந்தால் வெடிக்கும் களிமண். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண் உறிஞ்சினால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். இந்த மண்ணில் மழைக்காலத்தில் அது இறங்காது. போன வழியே திரும்பி வந்து குளியல் தொட்டியில் கழிவாக நிற்கும். மணல் கொண்டுவந்து மேடு கட்டி, பம்ப் வைத்து மேலே தள்ளும் அமைப்பு வேண்டும் என்றால் 20,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். வசதி இல்லாதவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழாயைப் போட்டுக் கழிவைத் திறந்தவெளியில் விடுகிறார்கள். ஏழைக்கு அமைப்பைக் கட்டிக் கொடுக்காத மாநிலம், குழாய் போட்டதற்கு அவன்மேல் வழக்குப் போட்டது. 2023 மே மாதம் மத்திய நீதித்துறை தலையிட்டு மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாடு செய்தது. 2025 ஏப்ரலில் அதே நீதித்துறை அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. மண் மாறவில்லை, வருமானமும் மாறவில்லை.

எந்தக் கிராமத்து வீட்டை வாங்குவதாக இருந்தாலும், விலை பேசுவதற்கு முன் கவுன்ட்டி சுகாதார அலுவலகத்தில் செப்டிக் அனுமதிப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். எத்தனை படுக்கையறைக்கு அனுமதி என்று அதில் இருக்கும். இரண்டுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு நான்கு அறை வீடு என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். டேங்கைத் திறந்து, கழிவை எடுத்து, உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வறண்ட நாளிலும் ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகத் தழைத்து நின்றால், அடியில் கழிவுநீர் இறங்காமல் தேங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தண்ணீர். சொந்தக் கிணற்றுத் தண்ணீர் மத்திய அரசின் குடிநீர்ச் சட்டத்துக்குள் வராது. கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்குமான சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் காசில் நீங்களேதான் செய்ய வேண்டும். கிணற்று மோட்டார் போவதற்கு மூல காரணம் பல நேரம் மோட்டார் இல்லை, தண்ணீரை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் பிரஷர் டேங்க். உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை கிழிந்ததும் குழாயைத் திறந்த சில விநாடிக்குள் மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் காயிலைச் சூடாக்கும். சில நூறு டாலரில் டேங்க் மாற்றியிருக்கலாம். விட்டுவிட்டால் ஆழத்திலிருந்து மோட்டாரை மேலே தூக்கி மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். இதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டியதில்லை. மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்துங்கள், டேங்கில் உள்ள தண்ணீரை முழுக்க வடியுங்கள், டயருக்குக் காற்றுப் பார்க்கும் மீட்டரை டேங்கின் மேல் வால்வில் வையுங்கள். மோட்டார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தொடங்கி 60-இல் நிற்கும் ஸ்விட்ச் என்றால் 38 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கப் புரொப்பேன் கேஸ். 500 கேலன் டேங்கில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், 400 கேலன். கேலன் இரண்டரை டாலர் என்றால் ஒரு முறை நிரப்ப 1,000 டாலர், அதுவும் பெரும்பாலும் கையோடு. டேங்க் கேஸ் கம்பெனிக்குச் சொந்தம் என்றால் வேறு கம்பெனி அதில் நிரப்ப முடியாது. பக்கத்துக் கம்பெனி 40 சென்ட் குறைவாகக் கொடுத்தாலும் உங்களுக்குப் பயனில்லை. காசு இல்லையே என்று நாளைத் தள்ளி, கேஸ் முழுக்கத் தீர்ந்துவிட்டால் அவசர டெலிவரிக் கட்டணம், மறுபடி பற்றவைக்கும் முன் லீக் சோதனைக் கட்டணம் எல்லாம் சேரும். கையில் காசு இல்லாததற்கே அபராதம் இது. மீட்டரில் தெரிவது கேலன் அல்ல, சதவீதம். 30 வந்ததும் போன் செய்யுங்கள். கோடையில் முன்பணம் கட்டி விலையைப் பூட்டி வைக்க முடிந்தவருக்கு மலிவு, அன்றாடம் காய்ச்சிக்கு விலை அதிகம்.

வீட்டு இன்சூரன்ஸும் இப்படித்தான். தீயணைப்பு வசதியை வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு தரம் உண்டு, 10 தான் கடைசி. நிலையத்திலிருந்து சாலை வழியே 5 மைலைத் தாண்டினால் பொதுவாக 10-தான். அதே வீடு, அதே கூரை, தவணை மட்டும் எங்கோ போய்விடும். சில கம்பெனிகள் கையே வைக்காது.

வீடு மலிவு என்கிறார்களே, அந்த மலிவு வீட்டுக்குக் கடன் யார் கொடுக்கிறார்? 60,000 டாலர் கடனுக்கும் 4 லட்சம் கடனுக்கும் வங்கிக்கு வேலை கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் சின்னக் கடனை அவர்கள் சீண்டுவதில்லை. சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் விற்ற வீடு இல்லை என்றால் மதிப்பீட்டாளரும் திணறுவார். கடைசியில் ஏழை போய் நிற்பது விற்கிறவரிடமே தவணை கட்டும் ஒப்பந்தத்தில். முழுப் பணமும் கட்டி முடிக்கும்வரை பத்திரம் அவர் பெயரில்தான். பல மாநிலங்களில் தவணை தவறியதும் வீடும் போய், கட்டிய பணமும் போகும். மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு என்றால் பெரும்பாலும் நிலம் சேராத கடன், கூடுதல் வட்டி. 1976 ஜூன் 15-க்கு முன் செய்த மொபைல் ஹோம் என்றால் வழக்கமான அரசு உத்தரவாதக் கடன் எதுவும் கிடைக்காது.

வேளாண் துறையின் 502 நேரடிக் கடன் ஒன்று இருக்கிறது, இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. முன்பணம் வேண்டாம், 33 ஆண்டு, மிகக் குறைந்த வருமானத்துக்கு 38 ஆண்டு, உதவித்தொகையோடு வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். நல்ல திட்டம். ஆனால் மனு மாதக்கணக்கில் கிடக்கும், அதுவரை விற்பவர் காத்திருக்க மாட்டார். கூரை ஒழுகுகிற சொந்த வீட்டுக்கு 504 திட்டம்: 1 சதவீத வட்டியில் 40,000 வரை கடன், 62 வயது நிரம்பியவருக்கு 10,000 வரை மானியம். உயில் எழுதாமல் தாத்தா போய், பத்திரம் பேரன் பேத்தி பத்துப் பேர் பெயரில் சிக்கிக் கிடக்கும் வீடுகள் தெற்கில் ஏராளம். அவர்கள் உரிமையை நிரூபிக்கவே அலைய வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்ட்டியில் 1950-இல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் 20,000 பேர்கூட இல்லை. அங்கிருந்த வால்மார்ட் 2016-இல் மூடப்பட்டது. வீடு மலிவாக இருப்பதற்குக் காரணமே இதுதான், வேலை போனது, ஆள் போனது. நாளை நீங்கள் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. எதிர்ப்பக்கம் வயோமிங்கின் டீட்டன் கவுன்ட்டி. பணக்காரர்கள் குவிந்த இடம், அங்கே வேலை செய்கிறவர்கள் பலர் மலைப்பாதையைத் தாண்டி ஐடஹோவிலிருந்து வர வேண்டும். 2024 ஜூன் 8 அன்று அந்தச் சாலையே சரிந்து விழுந்தது. சாலை திறக்கும்வரை மூன்று வாரம் சுற்றி வந்தவர்கள் செலவழித்த பெட்ரோல் எந்தக் குறியீட்டில் வருகிறது?

இத்தனைக்கும் மேல் உடம்புக்கு வந்தால்? 2010-க்குப் பிறகு 100-க்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன. எதிர்பாராத மருத்துவ பில்லைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரி முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பில்லிலிருந்து நோயாளியைக் காக்கிறது, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. மூடிய ஆஸ்பத்திரிக்குப் பதில் 50 மைல் போக வேண்டியவருக்கு மைலுக்கு மைல் பில்.

குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் மாநிலச் சட்டமே கிடையாது, அதுதான் கூலி. வாரம் 40 மணி நேரம், ஒரு நாள் விடாமல் ஆண்டு முழுக்க உழைத்தால் 15,080. 2026-க்கான மருத்துவக் காப்பீட்டுக்கு மத்திய அரசின் மானியம் கிடைக்கத் தனி ஆளின் வருமானம் குறைந்தது 15,650 இருக்க வேண்டும். இந்த இரண்டு மாநிலங்களும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்கவில்லை, குழந்தை இல்லாத, ஊனமில்லாத, 65 வயதுக்குட்பட்ட ஆளுக்கு அதிலும் இடமில்லை. 570 டாலர் குறைவாகச் சம்பாதித்ததால் மானியம் முழுதும் இல்லை. முழுநேரம் உழைக்கிற ஒருவரை இப்படி நடுவில் தொங்கவிடுகிற ஏற்பாட்டை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. 570 டாலர் என்றால் ஆண்டுக்கு 79 மணி நேரக் கூலி, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதைக் கொடுப்பது முதலாளி கையில். அவர் கொடுக்காவிட்டால், முட்டை விற்ற காசு, பக்கத்து வீட்டில் புல் வெட்டிய காசு, வார இறுதியில் வெல்டிங் செய்த காசு, எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். செலவு போக நிற்கும் தொகையைச் சுயதொழில் வருமானமாக வரிக் கணக்கில் காட்டுங்கள். காப்பீட்டு மானிய மனுவில் வரப்போகும் ஆண்டின் எதிர்பார்க்கும் வருமானத்தைத்தான் கேட்பார்கள், இந்தத் தொகையையும் சேர்த்தே எழுதுங்கள்.