நம்பர் பொருந்தினால் ஒறிஜினலா?

அண்ணை, கிளிநொச்சியிலை விலைக்கு நிக்கிற மொறிஸ் மைனர் காரைப் பற்றி, "1953, முழுக்க ஒறிஜினல், புத்தகமும் சேசிஸ் நம்பரும் பொருந்துது, யோசிக்காமல் வாங்கலாம்" எண்டு எழுதியிருக்கிறியள். அது பிழை. மைனருக்கு உடம்பைத் தாங்கிற தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. அந்த நம்பர் எஞ்சினுக்குப் பின்னாலை உள்ள தகரத்திலை பூட்டின ஒரு சின்னத் தகடு. கழட்டி வேறை உடம்பிலையும் பூட்டலாம்.

படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. முன்கண்ணாடி ஒரே வளைவு. 1956 இலை மைனர் 1000 வரும்வரை அது நடுவிலை கம்பி வைச்ச ரெண்டு துண்டு. எஞ்சின் 1098 சிசி எண்டு விக்கிறவரே போட்டிருக்கிறார். அது 1962 இலைதான் வந்தது. 1953 காரெண்டால் கதவுத்தூணிலை, திரும்பேக்கை வெளியிலை நீளுற கைகாட்டி மடிஞ்சு கிடக்கிற பொந்து இருக்கவேணும். அதுவும் இல்லை. நேரிலை போனால் அந்த இடத்திலை துணி சுத்தின காந்தத்தை வைச்சுப் பாருங்கோ. ஒட்டாட்டி, பொந்தைப் பட்டிப் பசை வைச்சு அடைச்சிருக்கினம்.

எஞ்சின் மாத்தினதை நான் குறையாச் சொல்லேல்லை. சண்டைக்குள்ளை பெற்றோல் தடை இருந்த காலத்திலை வன்னியிலை நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலைதானே எல்லாரும் ஓடினது. எங்கடை அப்பான்ரை காரின்ரை சீற்றிலை அந்த மணம் கடைசிவரை போகேல்லை. அப்பிடி ஓடின எஞ்சின் அப்பிடியே இருக்கெண்டு ஒருத்தர் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மாத்தின கார் எண்டு சொல்லி, அதுக்கேத்த விலைக்கு விக்கட்டும். நானே வந்து பாக்கிறன்.