இரத்தம் கொடுத்தவரிடம் முடிவைச் சொல்லுங்கள்

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. உறவினர் ஒருவருக்காக அதைக் கொடுத்திருந்தவர் 19 வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் அவரே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றி முடித்திருந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2016-இல் ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று தெரிந்திருக்கிறது, ஆனால் செய்தி அவரைச் சென்று சேரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். அந்தப் பையைக் கொட்டிவிட்டார்கள். அந்தப் பையனை விட்டுவிட்டார்கள். அன்றே அழைத்துச் சொல்லியிருந்தால் சிகிச்சை தொடங்கியிருக்கும். மறுபடி இரத்தம் கொடுக்கவே அவர் போயிருக்க மாட்டார்.

நம் நாட்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் கட்டாயம். ஆனாலும் எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில், வழக்கமாகச் செய்யும் எலிசா என்ற இரத்தச் சோதனைக்கு அது பிடிபடாமல் போகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இந்த இடைவெளியைக் குறைக்கும், அடியோடு நீக்காது. செலவும் அதிகம், எல்லா இரத்த வங்கிகளிலும் இல்லை. அதனால்தான் ஊசி போடும் முன் கொடையாளரிடம் கேட்கும் கேள்விகளுக்கு அவ்வளவு மதிப்பு.

அவற்றை எப்படிக் கேட்கிறோம்? நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் வராந்தாவில் மேசை போட்டு, மாமனாரும் மைத்துனரும் பக்கத்தில் நிற்க, ஓர் இளைஞரிடம் அவருடைய உடலுறவு விவரங்களைக் கேட்டார்கள். அவர் தலை நிமிராமல் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார். வேறு என்ன சொல்வார்? "ஆள் கொண்டுவந்தால்தான் ஆபரேஷன்" என்று உறவினர்களை விரட்டும் வழக்கம் இருக்கும்வரை உண்மை வெளியே வராது. பணத்துக்கு இரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பால் தடுத்தோம். இந்த நெருக்கடியை மட்டும் ஏன் இன்னும் சகித்துக்கொள்கிறோம்?

கொடையாளர் படிவத்தில், சோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி உண்டு. அவசரத்தில் யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை. முகாம் நடத்தும் நண்பர்களே, அந்த ஒரு வரியையாவது உரக்கப் படியுங்கள். தொலைபேசி எண்ணை அங்கேயே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். கேள்வி கேட்க ஒரு தனி அறை, அது இல்லையென்றால் ஒரு திரையாவது ஏற்பாடு செய்யுங்கள். இரத்த வங்கிகளும் கடிதம் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. தொற்று தெரிந்தவரைத் தனியாக அழைத்துப் பேசி, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் அந்தக் கோப்பை மூட வேண்டும்.