உத்யம் சான்றிதழ் நர்ஸுக்கான உரிமம் அல்ல

"வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியிடம் உத்யம் சான்றிதழ் இருந்தால் போதும், அரசு அங்கீகாரம்தான், அவர்கள் அனுப்பும் யாரும் ஊசி போடலாம்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

உத்யம் வெறும் சிறுதொழில் பதிவு. உரிமையாளரே ஆன்லைனில் விவரம் கொடுத்து இலவசமாக வாங்கிக்கொள்வது. மருத்துவப் பயிற்சி உண்டா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, குழுமத்திடமே சரிபாருங்கள்.

வில்லாபுரத்தில் என் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் தங்கமானவர். தலைவாரி, கஞ்சி ஊட்டி, அப்படிக் கவனித்தார். நரம்பு ஊசி போடுவீர்களா என்று கேட்டதும், "எனக்கு அந்தப் படிப்பு இல்லக்கா" என்றார். கேட்டதில் அவருக்கு வருத்தமே இல்லை.

சந்தேகமிருந்தால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.