பையன்களுக்கென்று ஒரு பள்ளி இருக்கட்டும்

ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் ஒரே தலைப்புதான்: வழக்கம்போல் மாணவியரே அதிகத் தேர்ச்சி. 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவியர் 95.88 சதவீதம், மாணவர்கள் 91.74. பிளஸ் டூவில் 96.70, 93.16. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். பெண் பிள்ளைகள் முன்னால் வருவதில் எனக்கு அத்தனை சந்தோஷம். என் அம்மாவை எட்டாவதோடு நிறுத்தியவர்கள் எங்கள் வீட்டார். ஆனால் அந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே 30,000-க்கும் மேற்பட்ட பையன்கள் தேறாமல் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி அடுத்த நாள் யாரும் பேசுவதில்லை. "பசங்கன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நான் சேலத்தில் தமிழாசிரியை. இருபாலர் பள்ளியிலும் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்போது ஆண்கள் பள்ளியில் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்தில் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "பாய்ஸ் ஸ்கூல்ல சேர்த்தா பையன் கெட்டுப் போயிட மாட்டானாங்க மிஸ்?" 2022-இல் கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆண், பெண் தனிப் பள்ளிகளையெல்லாம் இருபாலர் பள்ளிகளாக மாற்றச் சொன்ன பிறகு, இன்னும் கொஞ்சம் படித்த பெற்றோர் அதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். நல்ல ஆண்கள் பள்ளி பக்கத்தில் இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

இருபாலர் பள்ளியில் ஒரு நாள் காலை எப்படித் தொடங்கும்? தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது பெண் பிள்ளைகள். குறள் சொல்வதும் செய்தி வாசிப்பதும் அவர்களே. போர்டில் தேதி எழுதுவது, வருகைப் பதிவேட்டை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பது, நோட்டுகளை வாங்கி அடுக்குவது எல்லாம் அவர்களே. பையன்களுக்கு என்ன வேலை? பெஞ்ச் தூக்குவது, தண்ணீர் கேன் கொண்டு வருவது, ஆண்டு விழாவுக்கு மைக் செட் ஒயர் இழுப்பது, மரத்தில் ஏறித் தோரணம் கட்டுவது. யாரும் திட்டம் போட்டுப் பிரிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் எடுத்துக் களைத்துப்போன டீச்சர், எந்தப் பிள்ளை சொன்னவுடன் அழகாக முடித்துக் கொடுக்குமோ அந்தப் பிள்ளையிடம் வேலையைக் கொடுக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. அந்தப் பெண் பிள்ளைக்கும் அது சுமைதான், அது வேறு கதை. ஆனால் ஆறாம் வகுப்பில் வந்த பையன் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது, பாடுவது, படிப்பது, அழகாக எழுதுவது, மேடையில் நின்று பேசுவது எல்லாம் தனக்குரிய வேலை இல்லை என்று மனதில் பதித்துக்கொண்டுவிடுகிறான். வாய் திறந்து அதைச் சொல்ல மாட்டான். மெதுவாக நிறுத்திக்கொள்வான்.

ஆண்கள் பள்ளியில் இந்தப் பங்கீட்டுக்கே வழி இல்லை. வாழ்த்துப் பாடலை பையன்கள்தான் பாடியாக வேண்டும். சுருதி சேரா விட்டாலும் பாடியாக வேண்டும். பொங்கல் விழாவுக்குக் கோலம் போடுவதும் அவர்களே. பள்ளி மலருக்குக் கவிதை எழுத வேறு ஆள் கிடையாது. உடம்பு சரியில்லாமல் பெஞ்சில் படுத்திருக்கிறவனுக்குச் சுடுதண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனும் ஒரு பையன்தான். நாடகம் போட்டால் கண்ணகி வேடத்துக்கும் ஒரு பையன்தான் வர வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படி வேடம் போட்ட ஒருவன் பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்துவிட்டு அழுதபோது, பின் வரிசையில் கூட யாரும் சிரிக்கவில்லை. இது நமக்குப் புதிதும் இல்லை. பாய்ஸ் கம்பெனி என்று நாடகக் குழுக்கள் நடத்தி, பையன்களையே பெண் வேடத்திலும் ஆட வைத்த மரபு நம்முடையது. சிவாஜி கணேசன் அப்படி வந்தவர்தான். சேலத்துப் பக்கத்துக் கிராமங்களில் கூத்தாடுகிறவர்களில் பெண் வேடம் கட்டுகிற ஆண்களை ஊரே மரியாதையாகப் பார்க்கும்.

அடுத்தது குரல். பெண் பிள்ளைகளின் உடம்பு பையன்களைவிட ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே வளரத் தொடங்கிவிடுகிறது. ஏழாம், எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற பெண் உயரமாக, தெளிவாக, பெரிய பிள்ளை மாதிரி இருப்பாள். இவன் இன்னும் குட்டிப் பையன். இவனுக்கு வளர்ச்சி வரும்போது குரல் உடைகிறது. செய்யுளைச் சத்தம் போட்டு ஒப்பிக்கச் சொன்னால் பாதியில் குரல் கீச்சென்று போகும். இருபாலர் வகுப்பில் ஒரு தடவை அப்படி ஆகி, எதிர் வரிசையிலிருந்து சிரிப்பு வந்துவிட்டால் போதும், அந்த வருடம் முழுக்க அவன் "படிக்கலை மிஸ்" என்று சொல்லித் தப்பிப்பான். அடி வாங்கினாலும் வாங்குவான், எழுந்து படிக்க மாட்டான். எங்கள் வகுப்பிலும் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கிறவனுடைய குரலும் அடுத்த மாதம் உடையும், அது அவனுக்கே தெரியும். அதனால் அந்தச் சிரிப்பு யாரையும் உட்கார வைப்பதில்லை.

சேலத்துக்கு இதில் இன்னொன்றும் உண்டு. நகரின் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளிலிருந்து வருகிற நெசவாளர் வீட்டுப் பையன்களில் பலருக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம். தமிழ் நன்றாகவே பேசுவார்கள், ஆனால் வாசிக்கும்போது ழகரமும் ளகரமும் தடுமாறும். தடுமாற்றத்தைத் திருத்த ஒரே வழி, வாய்விட்டு வாசித்துக்கொண்டே இருப்பதுதான். வாசிக்கிற கூச்சத்தைப் போக்கிக்கொள்ள ஒரு இடம் வேண்டுமே. தனக்கு மானம் போகும் என்று நினைக்கிற இடத்தில் பதிமூன்று வயதுப் பையன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான்.

அப்புறம் அந்த ஒப்பீடு. "பொண்ணுங்களைப் பாருடா, எப்படி எழுதியிருக்காங்க." இருபாலர் பள்ளி ஸ்டாஃப் ரூமிலும் வகுப்பிலும் இந்த வாக்கியம் கேட்காத நாள் இல்லை. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிற பையன் காதில் விழுவது வேறு: நீ ஆணாக இருப்பதால் உனக்கு இது வராது. ஆண்கள் பள்ளியில் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. ஒருவன் நோட்டு மோசமாக இருந்தால் அதற்கு அவனுடைய காரணத்தைத்தான் தேட வேண்டும். திங்கள்கிழமை ஒருவன் வரவில்லை என்றால், சனி ஞாயிறு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போனவன் வாரக்கூலி கையில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டானா என்று எங்கள் சார்களுக்கு முதலிலேயே தோன்றிவிடும். வீட்டில் தறிக்குத் தார் சுற்ற ஆள் இல்லையா, அப்பா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாரா, மலையில் காபிப் பழம் பறிக்கிற சீசனா என்று விசாரித்துக்கொண்டு ஆளை அனுப்புவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் காசு பார்த்துவிட்டால் பள்ளிக்குத் திரும்ப வருவது எவ்வளவு கஷ்டம் என்பது அவர்களுக்கு நாள்பட்ட பழக்கத்தில் தெரியும். பள்ளி முழுக்கப் பையன்கள் பிரச்சினையையே பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது.

இந்த இடத்தில் ஒருவர் என்னைப் பிடிக்கலாம். அதே ரிசல்ட் பட்டியலில் பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி, ஆண்கள் பள்ளி என்று தனித்தனியாகப் போடுகிறார்களே, அதில் ஆண்கள் பள்ளிதானே எப்போதும் கடைசி? ஆமாம், கடைசிதான். அதை மறைத்துவிட்டு நான் எழுத மாட்டேன். ஆனால் அங்கே யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில், அவர்கள் எல்லாரும் பையன்கள். பெண் பிள்ளைகளின் மதிப்பெண் வந்து சராசரியைத் தூக்கிக் கொடுக்க வழி இல்லை. அடுத்து, நம் ஊர்களில் ஆண்கள் பள்ளி என்றால் பெரும்பாலும் அரசுப் பள்ளி, நகராட்சி வழிவந்த பள்ளி, உதவி பெறும் பள்ளி. கொஞ்சம் வசதி வந்த வீட்டார் மெட்ரிக் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஃபீஸ் கட்ட முடியாதவர்கள், வேறு பள்ளியில் டிசி கொடுத்து அனுப்பப்பட்டவர்கள், அப்பா இல்லாதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வதால் வருகிற சதவீதத்தை வைத்துப் பள்ளி வகையையே குறை சொல்வது நியாயம் இல்லை.

ஆண்கள் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் போகிற பிள்ளைகள் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க உலகத்தில் இரண்டு இடங்களில் நல்ல வாய்ப்பு கிடைத்தது. தென் கொரியாவின் சியோலில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிற வழக்கம் இருந்தது. அதை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், ஆண், பெண் தனிப் பள்ளிக்குப் போன பையன்களும் சரி பெண்களும் சரி, கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தது தெரிந்தது. இன்னொரு இடம் கரீபியன் தீவான டிரினிடாட். 2010-இல் அங்கே பின்தங்கியிருந்த 20 இருபாலர் பள்ளிகளில், புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை மட்டும் ஆண் அல்லது பெண் என்று ஒரு பாலராக மட்டும் எடுக்கத் தொடங்கினார்கள். கிராபோ ஜாக்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார். மதிப்பெண் இரு பக்கமும் உயர்ந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அந்தப் பையன்கள் பின்னாளில் போலீஸில் கைதாவது குறைந்தது என்பதுதான். பின்தங்கிய பள்ளி, ஏழை வீட்டுப் பிள்ளைகள். நம் பள்ளிக்குக் கிட்டத்தில் வருகிற உதாரணம் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014-இல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த உளவியலாளர்கள், தனிப் பள்ளியால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். நான் அதை ஏற்கிறேன். எல்லா நாட்டையும், எல்லா வகைப் பள்ளியையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி பார்த்தால் அப்படித்தான் வரும். போர்டில் 'ஆண்கள்' என்று எழுதினால் மட்டும் எந்தப் பையனும் படித்துவிட மாட்டான். உள்ளே என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்பதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் மான்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. 1917-இல் மான்ஃபோர்ட் சகோதரர்கள் தொடங்கியது, பையன்களின் விடுதிப் பள்ளியாகப் பெயர் வாங்கியது, பிற்பாடு பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. நடிகர் விக்ரம் அங்கே படித்தவர். நாடகமும் நீச்சலும் குதிரையேற்றமும் பள்ளியிலேயே கிடைத்தன அவருக்கு. வடக்கே டேராடூனில் 1935-இல் தொடங்கிய டூன் பள்ளி இன்றைக்கும் பையன்களுக்கு மட்டும்தான். பணம் இருக்கிறவர்கள் லட்சக்கணக்கில் கட்டி வாங்குகிற ஒன்று, அடிவாரத்தில் ஏழைப் பையனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே பாட்டு டீச்சரும் மேடையும் மைதானமும் லைப்ரரியும் இருக்கின்றன, இங்கே அந்தப் பணியிடங்கள் காலி. வித்தியாசம் அவ்வளவுதான். ஆண்கள் பள்ளிகளை மூடவோ இணைக்கவோ யோசிக்கிறவர்கள், முதலில் ஒரு இசை ஆசிரியரையும் ஒரு ஓவிய ஆசிரியரையும் போட்டுவிட்டு ஐந்து வருடம் பார்க்கட்டும்.

பெண்களை மதிக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்களே என்ற கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். வீட்டில் அக்கா தங்கை, தெருவில் சிநேகிதிகள், ட்யூஷனில், பிறகு கல்லூரியில் என்று பெண்கள் இல்லாத உலகத்தில் எந்தப் பையனும் வளர்வதில்லை. ஆனாலும் பள்ளிக்குள்ளேயே பெண்கள் இருந்தாக வேண்டும், ஆசிரியைகளாக. முழுக்க ஆண்களே வேலை பார்க்கிற ஆண்கள் பள்ளி எனக்குச் சம்மதமில்லை. கணக்கையும் இயற்பியலையும் ஒரு பெண் நடத்துவதை, தலைமையாசிரியர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அவர்கள் தினமும் பார்க்க வேண்டும்.

அதேபோல, பெரிய பையன்கள் சின்னப் பையன்களை மிரட்டுவதும், கையில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு கூட்டம் சேர்வதும் ஆண்கள் பள்ளியில் வேகமாகப் பரவும். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது சரியான காரியம். இதையெல்லாம் கண்டும் காணாமல் விடுகிற பள்ளி ஆண்கள் பள்ளியாக இருந்தாலும் இருபாலர் பள்ளியாக இருந்தாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இந்த மாதம் பள்ளி தேடுகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ரிசல்ட் பேனரைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை பிரேயர் நேரத்தில் போங்கள். பையன்கள் பாடுகிறார்களா, ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். கழிவறையைப் பாருங்கள். எத்தனை ஆசிரியைகள் என்று விசாரியுங்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அண்ணன்மார்கள் அடிப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள், அவன் முகமே சொல்லிவிடும். லைப்ரரி பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.